சாவி கோவிச்சுக்கிட்டா மாமனாரைக் கேளுங்க

உட்காருங்க மாப்ள. காரு எங்கயும் போயிடாது. போகலைங்கறதுதானே இப்பப் பிரச்சனையே. மொதல்ல இந்த மோரைக் குடிங்க.

நீங்க காலையில இருந்து பண்ணுன வைத்தியத்தையெல்லாம் திண்ணையில குந்திப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். பையனைப் பாப்பாரப்பட்டிக்கு அனுப்பி, சாவிக்குப் புது செல் வாங்கியாரச் சொன்னீங்க. போட்டீங்க. கதவு அழகாத் தொறந்துது, மூடுச்சு, நாலு பக்கமும் விளக்கு கண்ணடிச்சுது. செல்ப் அடிச்சீங்க, இன்ஜின் பிடிக்கல. அப்புறம் ஊருப் பசங்களைக் கூப்பிட்டு, ரெண்டாவது கியரைப் போட்டுக்கிட்டுத் தள்ளச் சொன்னீங்க. ஏரிக்கரை வரைக்கும் தள்ளுனானுங்க, பாவம். அங்க இருந்து திரும்பியும் தள்ளிக்கிட்டு வந்தானுங்க. கடைசியா உங்க மாமியாரு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சாங்க. மூணு வைத்தியத்துலயும் பலன் ஒண்ணுதான். ஆனா எலுமிச்சம்பழத்துக்குச் செலவு கம்மி, அதை ஒத்துக்கணும்.

எனக்கு என்னங்க தெரியும், மூணாங்கிளாஸ் தாண்டாதவன். நான் லாரி ஓட்டுன காலத்துல சாவிங்கறது ரெண்டு வயரைத் தொட வைக்கற சுவிட்சு, அவ்வளவுதான். சாவி தொலைஞ்சா டேஷ்போர்டுக்கு அடியில கையை விட்டு வயரை முறுக்கி, விடியறதுக்குள்ள சேலம் லீ பஜார் போய்ச் சேர்ந்துடுவோம். திருடனுக்கும் அதே வசதி இருந்துது. அதை நாங்க வெளிய சொல்லிக்கறதில்ல. இப்ப என் சின்னப் பேரன் ஓசூர்ல ஆட்டோ எலக்ட்ரீசியன். அவன் கடையில போயி உட்கார்ந்தா, செத்த சாவியோட வர்றவங்க மொகத்தைப் பார்க்கறதே எனக்குப் பொழுதுபோக்கு. கோட்டு போட்டவரு, டாக்டரு, வாத்தியாரு, எல்லாரும் வந்ததும் சொல்றது ஒண்ணுதான்: "ரிமோட் போச்சுப்பா." பேரன் தலையை நிமிர்த்தாம ஒரே கேள்வி கேப்பான்: "கதவா, இன்ஜினா?" பாதிப் பேரு அங்கயே முழிப்பாங்க. நீங்க இப்ப முழிக்கறீங்க பாருங்க, அதே முழிதான்.

உங்க கையில இருக்கற அந்தக் கூட்டுக்குள்ள ரெண்டு தனித்தனி சாமான் இருக்குது. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது. பட்டனை அமுக்குனா கதவுக்குச் சேதி சொல்றது ஒண்ணு. அது குட்டி ரேடியோ. நம்ம நாட்டுக் காருங்கள்ல பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில பேசும். செல்லு வேணுங்கறது அதுக்குத்தான். நீங்க வாங்கியாந்தது சிஆர்2032, 3 வோல்ட்டு. அந்த நம்பரை என்னமோ ரகசியம்னு நெனைக்காதீங்க. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதைத்தான் சேர்த்து எழுதியிருக்கான். சில சாவிக்கு இதைவிடச் சின்னது போடுவாங்க, பழைய செல்லு முதுகுல பார்த்து வாங்கணும். அந்தப் பழைய செல்லு எங்க மாப்ள? திண்ணையிலயா? எடுத்து மேல பரண்ல போடுங்க மொதல்ல. கொழந்தை தவழ்ற ஊடு. முழுங்குச்சுன்னா ரெண்டு மணி நேரத்துல உணவுக்குழாயை அரிச்சுப் புண்ணாக்கிடும். இதுல எனக்கு வெளையாட்டு கிடையாது.

இன்னொண்ணு சிப்பு. அதுக்குச் செல்லும் கிடையாது, பட்டனும் கிடையாது. சாவித் துவாரத்தைச் சுத்தி, பிளாஸ்டிக்குக்கு உள்ள, ஒரு செம்புக் கம்பிச் சுருள் வளையமா இருக்குது. சாவியைப் போட்டுத் திருப்புனதும் அந்தச் சுருளு 125 கிலோஹெர்ட்ஸ்ல காந்த அலையைக் கெளப்பும். சிப்பு தனக்கு வேண்டிய கரண்டை அந்த அலையில இருந்தே எடுத்துக்கிட்டு, தான் யாருன்னு சொல்லும். வெறும் பேரைச் சொன்னாப் போதாது; காரு ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு கணக்கைக் குடுக்கும், சிப்பு விடை சொல்லணும். விடை சரியா இருந்தாத்தான் இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டரு பெட்ரோலை விடும், பொறியை விடும். நீங்க கண்ணாடியைப் பார்த்துத் தலையைக் கோதறதுக்குள்ள இத்தனையும் நடந்து முடிஞ்சுடும். விடை தப்பா வந்தா செல்ப் சுத்தும், இன்ஜின் பிடிக்காது. இல்லன்னா பிடிச்சு ஒரு நொடியில அணைஞ்சுடும். சில வண்டியில செல்ப்பே அடிக்காது. இம்மொபிலைசர்னு பேரு. என் வாயில நுழையாதுன்னு நெனைச்சீங்களா? மாருதிக்காரங்க இதையே ஐகேட்ஸ்னு பேரு போட்டு வித்தாங்க.

நம்ம ஊட்டுச் செவலைப் பசுவைப் பார்த்திருப்பீங்க. உங்க மாமியாரு உட்கார்ந்தாத்தான் பாலை விடும். ஆளு மாறுனா தீனி தின்னும், சும்மா நிக்கும், மடியைக்கூடத் தொட விடும். பாலை மட்டும் அடக்கிக்கும். அதைக் கொட்டாயில இருந்து ஏரிக்கரை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனாப் பாலு வந்துடுமா? பசங்களை வச்சு நீங்க பண்ணுனது அதுதான். தள்ளுனா இன்ஜின் சுத்தும், சரி. பெட்ரோலை விடறவன் உள்ள உட்கார்ந்துக்கிட்டு "நீ யாரு?"ன்னு கேக்கறான், அவனுக்கு யாரு பதில் சொல்றது?

உங்க வண்டிக்கு என்னாச்சுன்னு எனக்குக் கொஞ்சம் தோணுது. அதை அப்புறமாச் சொல்றேன். சூடு ஆறட்டும், மொதல்ல அடுத்தவங்க கதையைக் கேளுங்க.

கதவு மட்டும் கேக்க மாட்டேங்குது, ஆனா சாவியைப் போட்டா வண்டி ஓடுதுன்னு வைங்க. அது செல்லு வேலை. இல்லாட்டி பட்டனுக்கு அடியில இருக்கற தகடு தேய்ஞ்சிருக்கும். ஒருத்தரு கடைக்கு வந்து, டிவி ரிமோட்டைப் பார்க்கற மாதிரி சாவியைச் செல்போன் கேமராவுக்கு நேராக் காட்டி, "விளக்கே எரியல"ன்னு புலம்புனாரு. டிவி ரிமோட்டுல கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் வரும், அதைக் கேமரா பிடிக்கும். காரு சாவியில வர்றது ரேடியோ. அதைக் கேமராவுல நாளெல்லாம் தேடுனாலும் கெடைக்காது. ரெண்டாவது சாவியை அமுக்கிப் பார்த்திருந்தா அவருக்கு வெசயம் அங்கயே முடிஞ்சிருக்கும். அந்தச் சாவி வேலை செஞ்சா தப்பு மொதல் சாவியில. ரெண்டுமே வேலை செய்யலன்னா தப்பு காருல. பியூஸைப் பாரு, பேட்டரியைப் பாரு. நீங்க இன்னும் அந்தக் கேள்விக்கே வரல, மாப்ள. ரெண்டாவது சாவின்னதும் நீங்க தலையைச் சொறியறதைக் கவனிச்சேன். சரி, அது இருக்கட்டும்.

ஒகேனக்கல்லுல எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க வர்ற கூட்டத்தைப் பார்த்திருக்கீங்கள்ல? செல்போனைப் பத்திரமா பொண்டாட்டி கையில குடுப்பாங்க, பர்ஸைக் குடுப்பாங்க. காரு சாவி மட்டும் டிரவுசர் பையில இருக்கும். அருவியில நின்னு, பரிசல்ல ஏறி, மீன் வறுவல் தின்னுட்டு வந்து பட்டனை அமுக்குனா, ஒண்ணும் நடக்காது. ஒடனே போன் வரும், பேரனுக்கு. அவன் சொல்றது இதுதான்: கூட்டைப் பிரி, செல்லைக் கழட்டு, தண்ணியைத் தொடைச்சு நெழல்ல காய வை, ஈரத்தோட அமுக்கிக்கிட்டே இருக்காதே. அரிசி மூட்டையில பொதைச்சு வைக்கறதால பெருசா லாபமில்ல. அரிசித் தூசிதான் உள்ள போகும். அதுவரைக்கும் சாவியோட இரும்பு முனையால கதவைத் தொறந்துக்கலாம். அப்பிடித் தொறந்தா சில வண்டி ஊரைக் கூட்டிக் கத்தும். சாவியைப் போட்டுத் திருப்புனா அடங்கிடும். திருப்புனதும் வண்டியும் பெரும்பாலும் ஓடிடும். சிப்பு தண்ணி புகாத உறைக்குள்ள இருக்கறது, காவேரியில முழுகுனா அதுக்கு ஒண்ணும் ஆகாது.

இன்னொரு கூத்து, கொழந்தை கையில சாவியைக் குடுக்கறது. ரிமோட்டு ஒவ்வொரு அமுக்கலுக்கும் புது எண்ணை அனுப்புது; ஒருதடவை சொன்னதைத் திரும்பச் சொல்லாது. யாராவது காத்துல இருந்து அந்தச் சேதியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு நாளைக்குத் திருப்பி ஓட்டுனாக் கதவு தொறக்கக் கூடாதுல்ல, அதுக்காக. காரும் தன் பக்கம் ஒரு எண்ணிக்கை வச்சிருக்கும். சாவி கொஞ்சம் முந்திப் போனாப் பொறுத்துக்கும். கொழந்தை பென்னாகரத்துல பாட்டி ஊட்டுல உட்கார்ந்து, காரு இல்லாத எடத்துல அமுக்கு அமுக்குன்னு அமுக்கித் தள்ளுச்சுன்னா, கணக்கு எங்கயோ போயிடும். அப்புறம் வண்டிகிட்டப் போயி அமுக்குனா, யாரோ என்னமோன்னு காரு சும்மா நிக்கும். பல வண்டியில பக்கத்துல நின்னு அடுத்தடுத்து ரெண்டு தடவை அமுக்குனாக் கணக்கு சேர்ந்துக்கும். சிலதுல சாவியைப் போட்டுத் திருப்பணும். அதுக்கும் மசியலன்னா வண்டிப் புஸ்தகத்துல வழி போட்டிருப்பான். அந்தப் புஸ்தகத்தைப் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமலே வச்சிருக்கறவங்க நம்ம குடும்பத்துலயே இருக்காங்க. பேரு சொல்லல.

சரி, உங்க கதைக்கு வர்றேன். கதவு கேக்குது, இன்ஜின் கேக்கல. அப்ப ரிமோட்டையும் செல்லையும் கும்பிட்டு அந்தப் பக்கம் வச்சுடணும். சாவியைத் திருப்புனதும் மீட்டருகிட்ட ஒரு சின்ன விளக்கு வந்துது, கவனிச்சீங்களா? காரு படத்துக்குள்ள சாவி இருக்கும், இல்லன்னா பூட்டு இருக்கும். வந்து அணைஞ்சா, காரு சாவியை ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். அப்பவும் ஓடலன்னா பெட்ரோல் பம்ப்பு, பிளக்குன்னு வேற பக்கம் போகலாம். மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுக்கிட்டே இருந்தா சாவியைத் தெரியலன்னு சொல்லுது. உங்களுது மினுக்குது. திண்ணையில இருந்தே எனக்குத் தெரிஞ்சுது; பக்கத்துல உட்கார்ந்திருந்த உங்களுக்குத் தெரியல.

அடுத்தது பேட்டரி. சாவிப் பேட்டரி இல்ல, காரு பேட்டரி. நல்லா நெறைஞ்சிருந்தா 12.6 வோல்ட்டு காட்டும், 12.2ன்னா பாதி. செல்ப் அடிக்கறப்ப அது இன்னும் கீழ விழும். ரொம்ப விழுந்தா அந்தக் கம்ப்யூட்டருக்கே மயக்கம் வந்துடும், நல்ல சாவியையும் யாருன்னு கேக்கும். பாதிப் பேரு சிப்பு போச்சு, கோடிங் போச்சுன்னு ஆயிரக்கணக்குல செலவு பண்ணிட்டு, கடைசியில டெர்மினல்ல பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீரும் ஆப்பசோடாவும் போட்டுக் கழுவுனதும் வண்டி ஓடியிருக்குது. பேட்டரியைக் கழட்டுனா காரு சாவியை மறந்துடுமோன்னு பயப்படாதீங்க. அந்த ஞாபகம் கரண்டு இல்லாமலும் இருக்கும். உங்களுக்குச் செல்ப் நல்லாவே சுத்துது. ஆக அதுவும் இல்ல.

எலியா இருக்குமோன்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். வைக்கப்போருக்குப் பக்கத்துல நிறுத்தாதீங்கன்னு நேத்தே சொன்னேன், "இது ஜெர்மன் டெக்னாலஜி மாமா"ன்னீங்க. நம்ம ஊரு எலிக்கு வயரு எந்த நாட்டுதுன்னு படிக்கத் தெரியாது. ஆனா பானெட்டைத் தொறந்து பார்த்தாச்சு, ஒரு கடியும் இல்ல.

அப்புறம் இந்தச் சாவிக்கொத்து. எங்க குடுங்க. காரு சாவி, ஸ்கூட்டர் சாவி, பீரோ சாவி, ஆபீஸ் கார்டு, மருதமலை முருகன் படம், பாட்டில் தொறக்கற ஒரு சாமான். அது எதுக்குன்னு உங்க ஊட்டுக்காரி, என் தம்பி பொண்ணு முன்னாடி கேக்க மாட்டேன். இதோட உங்க அண்ணன் காரு சாவியும் ஒண்ணு. மாப்ள, ரெண்டு சிப்பு பக்கத்துப் பக்கத்துல தொங்குனா ரெண்டும் ஒரே நேரத்துல பதில் சொல்லும், காருக்கு ஒண்ணும் புரியாது. கனமான இரும்பு வளையமும் அந்த அலையைக் கெடுக்கும். காரு சாவியைத் தனியாக் கழட்டிப் போட்டுப் பாருங்க. பார்த்தீங்களா, இப்பவும் மினுக்குது. நல்லது. இது இல்லன்னு தெரிஞ்சுதுல்ல, அதுவும் ஒரு லாபம்தான்.

இந்தச் சாவிக் கூடு பளபளன்னு இருக்குதே, எப்ப மாத்துனது? போன வாரமா? வழியில ஒரு கடையில, பழைய கூடு ஒடைஞ்சுபோச்சுன்னு பத்து நிமிசத்துல மாத்திக் குடுத்தானா? பட்டன் பலகையை எடுத்துப் புதுசுல வச்சான், இரும்பு முனையை மாத்துனான், அமுக்கிக் காட்டுனான், கதவு தொறந்துது, காசைக் குடுத்தீங்க. அப்ப வண்டி ஓடிக்கிட்டுத்தான் இருந்துது, இன்னொரு சாவியில. அதுக்கப்புறம் இந்தச் சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணுனதே இன்னிக்குத்தான், சரியா? பழைய கூட்டை என்ன பண்ணுனீங்க? கொழந்தைக்கு வெளையாடக் குடுத்துட்டீங்க.

இந்தாங்க. மணல்ல கெடந்துது, காலையிலயே எடுத்து மடியில முடிஞ்சு வச்சேன். மொறைக்காதீங்க; நீங்க கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல, பசங்களைத்தான் கூப்பிட்டீங்க. உள்ள ஓரமாப் பாருங்க, கருப்பா அரிசி பருமனுக்கு ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குதுல்ல? அதுதான் சிப்பு. சில சாவியில அது பட்டன் பலகையிலயே பத்த வச்சிருக்கும், சிலதுல இப்பிடித் தனியா ஒரு குழியில உட்கார்ந்திருக்கும். கடைக்காரன் அவசரத்துல அதை மறந்துட்டான். இதை நம்பாம இருந்தா, பழைய கூட்டைச் சாவித் துவாரத்தை ஒட்டிப் பிடிச்சுக்கிட்டுப் புதுச் சாவியைத் திருப்புங்க. ஒட்டிப் பிடிக்கணும், சில செண்டிமீட்டர் தள்ளுனாலே அதுக்குக் காது கேக்காது.

ஓடுதா? ஓடட்டும், ஓடட்டும். அணைக்காதீங்க, ஏசியைப் போட்டு உட்காருங்க. இன்னும் பேச்சு முடியல.

இந்த எழவெடுத்த சிப்பையே கழட்டிப் போட்டுட முடியாதான்னுதானே கேக்கறீங்க? முடியும். ஒரு சிப்பை அந்தச் சுருளுக்குப் பக்கத்துலயே ஒட்டிவச்சுட்டு, "இனிமே தொந்தரவு இல்ல சார்"னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. அப்புறம் இரும்புச் சாவி வெட்டறவன் எவன் வெட்டுனாலும் உங்க வண்டி அவன் பின்னாடி போகும். நம்ம தானியக் குதிருக்குத் தொங்கற திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு இருக்குதே, 2019ல புவிசார் குறியீடு வாங்குன பூட்டு, அதுக்குச் சாவி தேய்ஞ்சா அரத்தை வச்சு ராவிக்கலாம். காருல இரும்பை ராவுனாக் கதவும் ஸ்டீயரிங்கும் தொறக்கும், அவ்வளவுதான். மிச்சத்தைப் பார்த்துக்கற அந்தச் சிப்புதான் உங்க வண்டியைக் காப்பாத்துது.

அமெரிக்காவுல என்ன நடந்துதுன்னு பேரன் சொன்னான். ஐரோப்பாவுல 1998ல இருந்து புதுக் காருக்கு இம்மொபிலைசர் கட்டாயம், கனடாவுல 2007ல இருந்து. அமெரிக்காச் சட்டம் மட்டும் அதைக் கட்டாயம் பண்ணல. அங்க ஹூண்டாய், கியா ரெண்டு கம்பெனியும் பல மலிவு மாடல்ல அதை வைக்காமலே வித்தாங்க. மீசை மொளைக்காத பசங்க செல்போன் சார்ஜர் வயரோட முனையைச் சாவி எடத்துல வச்சுத் திருப்பி வண்டியைக் கெளப்பிக்கிட்டுப் போனானுங்க. அதைப் படம் பிடிச்சு ஊருக்கும் காட்டுனானுங்க. 2023 பிப்ரவரியில அந்த அரசாங்கம் சொன்ன கணக்கு, 83 லட்சம் வண்டிக்குச் சாப்ட்வேர் மாத்தணும்னு. நெதர்லாந்துல ரெண்டு பொருளாதார வாத்தியாருங்க கணக்குப் போட்டுப் பார்த்தாங்களாம்: அந்த ஐரோப்பாச் சட்டம் வந்ததால காருத் திருட்டு சராசரியா 40 சதவீதம் கொறைஞ்சுதுன்னு. மணல்ல கெடந்த அந்தக் கருப்புப் பொடிக்கு இத்தனை மவுசு.

தொப்பூர்க் கணவாயில எறங்கறப்ப இந்தச் சிப்பு வேலையைக் காட்டி வண்டியை நிறுத்திடுமோன்னு தம்பி பொண்ணு பயப்படுது. இல்லம்மா. கேள்வி கேக்கறது கெளம்பறப்ப மட்டும்தான். ஓடற இன்ஜினை அது நிறுத்தாது. தொப்பூர்ல பயப்பட வேண்டியது வேற. எறக்கம்தானேன்னு பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைச்சுட்டு உருட்டற புத்திசாலிங்க இருக்காங்க. அணைச்சா பிரேக்குக்கு ஒத்தாசை போயிடும், ஸ்டீயரிங் கல்லாகும், சாவியை உருவுனா பூட்டியே போயிடும். நான் லாரியில எறங்குன ரோடு அது, எனக்குத் தெரியும்.

ஓடற வண்டியை நிறுத்தாதுன்னு சொன்னேன் பாருங்க, உங்க சகலை மாட்டுனது அதுலதான். அவருது பட்டன் ஸ்டார்ட்டு வண்டி; சாவி பையில இருந்தாப் போதும், எடுக்கவே வேண்டாம். பாலக்கோட்டுல பொண்டாட்டியை எறக்கிவிட்டுட்டுக் கிருஷ்ணகிரிக்குக் கெளம்புனாரு. சாவி அந்தம்மா கைப்பையில. வண்டி பீப் பீப்னு கத்துச்சு. மீட்டருல என்னமோ எழுதியும் காட்டுச்சு. சீட்டு பெல்ட்டுக்குக் கத்துதுன்னு இவரு பெல்ட்டை இழுத்து மாட்டிக்கிட்டு, பாட்டைச் சத்தமா வச்சுட்டாரு. ஓடற வண்டி ஓடிக்கிட்டே இருந்துது. கிருஷ்ணகிரி போயி பெட்ரோல் பங்க்குல நின்னாரு. இன்ஜினை அணைக்கவும்னு போர்டு. சட்டத்தை மதிக்கற மனுசன், அணைச்சாரு. அப்புறம் எங்க எழுப்பறது? பின்னாடி நின்ன லாரிக்காரங்க என்ன சொன்னாங்கங்கறதைப் பெரியவங்க இருக்கற எடத்துல சொல்ல முடியாது. சாவி பாலக்கோட்டுல இருந்து பஸ்ஸுல வந்து சேர்ந்துது; கூடவே அந்தம்மாவும் வந்தாங்க. பஸ்ஸை விட்டு எறங்குனதும் அவங்க பேசுனது லாரிக்காரங்க பேசுனதை விடக் கொஞ்சம்தான் கம்மின்னு சகலை சொல்றாரு.

அந்த மாதிரி சாவியில செல்லு தீர்ந்துட்டா அழ வேண்டாம். கூட்டுக்குள்ளயே ஒரு இரும்புச் சாவி ஒளிஞ்சிருக்கும், அதால கதவைத் தொறந்து, சாவியை ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்டி வச்சு அமுக்குனாப் பெரும்பாலான வண்டி எழுந்துக்கும். அங்கயும் செல் இல்லாத சிப்புதான் வேலை செய்யுது. சில வண்டியில அந்த எடம் வேற பக்கம் இருக்கும். அதுக்குத்தான் அந்தக் கவர் பிரிக்காத புஸ்தகம். ஒண்ணு மட்டும், அந்த மாதிரி சாவியை வாசல் ஆணியில மாட்டக் கூடாது. ஒருத்தன் வாசல்ல நின்னு சாவியோட அலையை வாங்கி, காரு பக்கத்துல நிக்கற இன்னொருத்தனுக்கு அனுப்புவான். காரு ஏமாந்து தொறந்துக்கும். மூடி இறுக்கமான இரும்பு டப்பாவுல போட்டு வைக்கச் சொன்னேன் சகலையை. போட்டுட்டு டப்பாவைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கதவைத் தொட்டுப் பார்க்கணும். தொறக்கலன்னா டப்பா நல்ல டப்பா. அவரு முறுக்கு டப்பாவுல போட்டுட்டு, முறுக்குத் தீர்ந்ததும் அந்தம்மா அதைப் பக்கத்து ஊட்டுக்குக் குடுத்தனுப்பிச்சு, அது தனிக் கதை.

இப்ப ரெண்டாவது சாவிக்கு வாங்க. சிவன் கோயில்ல ராத்திரி நடை சாத்துனதும் சாவியைப் பைரவர்கிட்ட வைக்கறது வழக்கம். நம்ம அதியமான்கோட்டையில காலபைரவருக்குத் தேய்பிறை அஷ்டமின்னா எத்தனை பூசணி விளக்கு எரியுது! சாமிக்கே சாவியை ஒப்படைக்க ஒரு பொறுப்பான ஆளு வேணும்னா, நமக்கு வேண்டாமா? ஒரு சாவி இருந்தா, இன்னொண்ணை அதைப் பார்த்துக் காருக்குப் பழக்கிக்கறது சுலபம். ரெண்டும் தொலைஞ்சா ஆர்சி புக்கு கொண்டா, அடையாள அட்டை கொண்டா, போலீஸ் புகார் நகல் கொண்டான்னு நிப்பாட்டுவாங்க. வண்டியை வேற கட்டி இழுத்துக்கிட்டுப் போகணும். வண்டியே திருடு போச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க மொதல்ல கேக்கறது, "ரெண்டு சாவியும் எங்க சார்?" ஒண்ணைத்தான் மேசையில வைப்பீங்கன்னா, திருடனை விட்டுட்டு உங்களைத்தான் கேள்வி கேப்பாங்க.

அதனாலதான் காலையில இருந்து அதைக் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். நேத்து வரைக்கும் ஓட்டுன அந்தச் சாவி எங்க? கோயமுத்தூர்ல பீரோவுலயா? இல்லையா? என்னம்மா சிரிக்கறே நீ? டேஷ்போர்டு டப்பாவுலயா? காருக்குள்ளயா! அடப் பாவிகளா. திருடன் வந்தா அவனுக்குப் பெட்ரோல் காசும் பக்கத்துல வச்சுடுங்க. எடும்மா அதை. புஸ்தகத்துக்கு அடியில இருக்கும், அந்தக் கவரையும் பிரிச்சுடு, ஒரு வேலையோட ஒரு வேலை. கெடைச்சுதா? மாப்ளைகிட்டக் குடு. நல்ல சாவி, சிப்போட இருக்கற சாவி. வழி பூரா இதையே போட்டு ஓட்டுங்க. ஊருக்குப் போனதும் அந்தக் கருப்புப் பொடியை எடுத்து நல்ல ஆளா பார்த்துப் புதுக் கூட்டுக்குள்ள வைக்கச் சொல்லுங்க, முன்னாடி நின்னு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டுக் காசு குடுங்க.

அட, அதென்ன பண்றீங்க மாப்ள? அதையும் கொண்டுபோயி அதே வளையத்துலயா மாட்டறீங்க?